வாசலில் தொங்கும் பட்டியல்

அமெரிக்காவில் ஆர்.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் வீட்டு வண்டிகளில் ஊர் சுற்றுகிறவர்கள் இரவு தங்குவதற்கென்று ஆயிரக்கணக்கான தனியார் பார்க்குகள் இருக்கின்றன. மின் இணைப்பு, குடிநீர், கழிவுநீர்க் குழாய் ஆகிய மூன்றும் உள்ள ஒரு துண்டு நிலத்தை நாள் வாடகைக்கோ மாத வாடகைக்கோ தருவார்கள். இவற்றில் மிகப் பல, 'செல்லப்பிராணிகளுக்கு நல்வரவு' என்று விளம்பரம் செய்துகொள்கின்றன. ஆனால் முன்பதிவுப் படிவத்தின் அடியில், பொடி எழுத்தில், அந்த நல்வரவு திரும்பப் பெற்றுக்கொள்ளப்பட்டிருக்கும். பிட் புல், ராட்வைலர், டாபர்மேன், மற்றும் இவற்றின் கலப்பினங்களுக்கு அனுமதி இல்லை. சில இடங்களில் ஜெர்மன் ஷெப்பர்டும், ஹஸ்கியும், அகிடாவும் சேர்ந்துகொள்ளும். வேறு சில இடங்களில் 25 பவுண்டு, 40 பவுண்டு என்று எடை வரம்பும் உண்டு.

இதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்கிறார்கள். பாதுகாப்பைப் பற்றி யோசிக்காமல் இருப்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு என்பது என் தரப்பு. நாய்ப் பிரியர்களின் கண்ணீர்க் கட்டுரையாக இதை யாரும் வாசிக்க வேண்டாம். பக்கத்து வண்டியின் நாய் தன் குழந்தையின் மேல் பாயுமோ என்று அஞ்சும் தாயின் பக்கம் நின்றுதான் எழுதுகிறேன். அந்தத் தாயை இந்தப் பட்டியல் ஏமாற்றுகிறது.

இலக்கிய வாசகர்களுக்கு இந்த விஷயத்தோடு ஒரு பழைய உறவு உண்டு. 1960இல் ஜான் ஸ்டைன்பெக், டான் கிஹோத்தேயின் குதிரைப் பெயரைச் சூட்டிய வண்டியொன்றில், சார்லி என்னும் பெரிய வகைப் பூடில் நாயுடன் அமெரிக்காவைச் சுற்றினார். அந்தப் பயண நூல் 1962இல், அவர் நோபல் பரிசு பெற்ற அதே ஆண்டில் வெளிவந்தது. அதில் எல்லோருக்கும் நினைவிருக்கும் பகுதி யெல்லோஸ்டோன் பூங்காவில் நடப்பது. சண்டை என்றால் விலகிப் போகிற, முதுமையும் மரியாதையும் கொண்ட சார்லி, கரடிகளைக் கண்டதும் வெறிகொண்டு கதறுகிறது. ஸ்டைன்பெக் வண்டியைத் திருப்பிக்கொண்டு பூங்காவை விட்டே வெளியேற வேண்டியதாகிறது. அந்த வெறியைப் பூடில் என்ற இனப்பெயர் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. பல ஆண்டுகள் அதனுடன் வாழ்ந்தவருக்கே தெரியவில்லை. ஆனால் அது வண்டிக்குள் அடைபட்டிருந்ததனால் எந்தத் தீங்கும் நேரவில்லை. நாய்களைப் பற்றிய விதி எழுத உட்காரும் எவரும் அந்தப் பக்கங்களிலிருந்து தொடங்கலாம்.

இனப்பெயர் எதைச் சொல்கிறது என்பதைப் பற்றி இன்று நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். 2022இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றின் உரிமையாளர்கள் அளித்த தகவல்களையும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணு வரிசைகளையும் ஒப்பிட்ட ஆய்வு அது. தனி நாய்களுக்கிடையே காணப்படும் குண வேறுபாட்டில் ஏறத்தாழ 9 சதவீதத்தை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடிகிறது என்பது அதன் முடிவு. வளர்ப்பு, பயிற்சி, பயம், கட்டிப்போட்ட தனிமை, கவனமில்லாத உரிமையாளர் என்று மற்றவை எல்லாம் எஞ்சிய பங்கில் இருக்கின்றன. பட்டியல் அவற்றில் எதையும் கேட்பதில்லை.

அந்த 9 சதவீதத்தையாவது சரியாகப் பிடிக்கிறார்களா? பிட் புல் என்பது ஒரே இனத்தின் பெயர்கூட அல்ல. அமெரிக்கன் பிட் புல் டெரியர் என்ற இனத்தை யுனைட்டட் கெனல் கிளப் 1898 முதல் பதிவு செய்கிறது. அமெரிக்கன் கெனல் கிளப் அந்தப் பெயரை ஏற்கவில்லை, 1936 முதல் அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர் என்று இன்னொன்றைப் பதிவு செய்கிறது. பொதுப்புத்தியில் இவையும், இவற்றின் சாயலுள்ள அகன்ற தலைக் கலப்பினங்களும் சேர்ந்து பிட் புல். 2015இல் வெளியான ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வில், நான்கு காப்பகங்களைச் சேர்ந்த 120 நாய்களைப் பணியாளர்களிடம் காட்டி இனம் கேட்டார்கள். பிறகு மரபணுவோடு ஒப்பிட்டார்கள். நாய்களுடனேயே நாள் முழுதும் புழங்கும் அந்தப் பணியாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. மரபணுவில் பிட் புல் கூறே இல்லாத நாய்களும் பிட் புல் ஆயின. அவர்களுக்கே இந்தக் கதி என்றால், பார்க் வாசலில் சாவியும் வரைபடமும் கொடுக்கும் விடுமுறைக்கால ஊழியர் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து என்ன கண்டுபிடித்துவிடுவார்? அவர் பார்ப்பது ஒரு முகத்தை. முகத்தைப் பார்த்துக் குணம் சொல்வதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மழுப்பாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். சிவாவா கடித்தால் பிளாஸ்திரி போதும். ராட்வைலர் கடித்தால் அறுவை சிகிச்சை வேண்டும் என்பார்கள். உண்மை. 1979 முதல் 1998 வரை அமெரிக்காவில் நாய்க்கடியால் இறந்த 238 பேரைப் பற்றி 2000இல் வெளியான ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட மரணங்களில் பிட் புல் வகையும் ராட்வைலரும் இருந்தன. பட்டியல் ஆதரவாளர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே ஆய்வு, மரணங்களில் 25 இனங்களாவது சம்பந்தப்பட்டிருந்தன என்றது. ஒவ்வொரு இனத்திலும் நாட்டில் மொத்தம் எத்தனை நாய்கள் உள்ளன என்ற கணக்கு இல்லாதபோது எது அதிக ஆபத்து என்று சொல்ல முடியாது என்றது. இனத்தைக் குறிவைக்கும் சட்டங்களைவிட, ஆபத்தான தனி நாயையும் அதன் உரிமையாளரையும் பொறுப்பாக்கும் சட்டங்களே பயன் தரும் என்ற திசையில் அதன் பரிந்துரை இருந்தது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமும் இனத்தை வைத்து எழுதப்படும் சட்டங்களை எதிர்க்கிறது.

பெரிய நாயின் பல் ஆழமாக இறங்கும் என்பதை ஏற்கிறேன். அப்படியானால் பெரிய நாய்கள் எல்லாவற்றுக்கும் கறாரான விதி வேண்டும். 120 பவுண்டு எடையுள்ள, பட்டியலில் பெயர் இல்லாத ஒரு மாஸ்டிஃப் கலப்பினத்தைத் தளர்ந்த வாருடன் உள்ளே விட்டுவிட்டு, பதினான்கு வயதுக் கிழட்டுப் பிட் புல்லைத் திருப்பி அனுப்புவதில் எந்தக் குழந்தைக்கும் பாதுகாப்பு இல்லை. பட்டியல் தருவது பாதுகாப்பு உணர்வை மட்டும். 'ஆபத்தானவை வெளியே நிற்கின்றன' என்று நம்பும் தாய், உள்ளே உள்ள நாயிடம் குழந்தையைக் கவனமின்றி விடுகிறாள்.

பார்க் உரிமையாளர்களிடம் தனியாகக் கேட்டால், 'எங்களுக்கும் தெரியும், காப்பீட்டு நிறுவனம் கேட்கிறது' என்பார்கள். இது பாதி உண்மை. பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் குறிப்பிட்ட இனங்களை விலக்குகின்றன; சிறு குடும்பத் தொழிலாக நடக்கும் ஒரு பார்க் ஒரே வழக்கில் மூழ்கிவிடலாம். அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் காப்பீட்டின் இந்தப் பழக்கம் கல்வெட்டல்ல. நியூயார்க் மாநிலம் 2021இல் இயற்றிய சட்டத்தின்படி, வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் நாயின் இனத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை மறுக்கவோ கட்டணத்தை உயர்த்தவோ முடியாது. குறிப்பிட்ட ஒரு நாய் ஆபத்தானது என்று அறிவிக்கப்பட்டிருந்தால் அது வேறு. நெவாடாவும் அதே ஆண்டு அத்தகைய சட்டம் இயற்றியது. வீடுகளுக்குச் சாத்தியமானதை முகாமிடங்களின் காப்பீட்டிலும் கேட்க உரிமையாளர்களுக்கு வாய் இருக்கிறது. அவர்கள் கேட்கவில்லை. விருந்தாளியைத் திருப்பி அனுப்புவது காப்பீட்டு நிறுவனத்தோடு பேரம் பேசுவதைவிட எளிது.

பட்டியலின் அபத்தம் முழுதாக வெளிப்படும் இடம் ஒன்று உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டத்தின் கீழ் 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பயிற்சி பெற்ற உதவி நாயை இனத்தைக் காரணம் காட்டித் தடுக்க முடியாது. பார்க் ஊழியர் இரண்டு கேள்விகள்தான் கேட்கலாம்: உடல்நிலை அல்லது மனநிலைக் குறைபாடு காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா, என்ன வேலைக்கு அதைப் பழக்கியிருக்கிறீர்கள்? சான்றிதழ் கேட்கக்கூடாது. நாய் கட்டுக்கு அடங்காமல் நடந்து, உரிமையாளரும் அதை அடக்காவிட்டால் வெளியேற்றலாம். ஆகவே வலிப்பு நோயாளி ஒருவருக்கு உதவும் பிட் புல் இன்றிரவு அதே பார்க்கில் படுத்திருக்கலாம். அது ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டுமே பார்க்க வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தும்போது நடத்தையைப் பார்த்து முடிவு செய்ய முடிகிறவர்களுக்கு, சட்டம் கட்டாயப்படுத்தாதபோது மட்டும் அது முடியாமல் போவது எப்படி?

நான் கட்டற்ற சுதந்திரம் கேட்கவில்லை. தேசியப் பூங்காக்களில் விதிகள் தனியார் பார்க்குகளைவிடக் கடுமையானவை. அவற்றை முழுமனதுடன் ஆதரிக்கிறேன். வார் ஆறு அடிக்கு மேல் இருக்கக்கூடாது. நாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகக்கூடாது. கழிவை அள்ள வேண்டும். ஓயாத குரைப்பு குற்றம். யெல்லோஸ்டோனில் சாலை, வாகன நிறுத்தம், முகாமிடம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்கு அப்பால் நாயைக் கொண்டுசெல்ல முடியாது. நடைபாதைகளிலும் வெந்நீர் ஊற்றுகளின் பலகைப் பாதைகளிலும் அறவே கூடாது. 1981இல் அங்கே நண்பரின் நாய் கொதிக்கும் ஊற்றொன்றில் பாய்ந்தது. அதைக் காப்பாற்றத் தலைகுப்புறக் குதித்த 24 வயது இளைஞர் மறுநாள் இறந்தார். அந்த விதிகள் எதற்காக என்று அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. கவனியுங்கள்: தேசியப் பூங்காக்களுக்கான அந்தப் பொது விதியில் எந்த நாயினத்தின் பெயரும் இல்லை. கரடியும் காட்டெருமையும் உலவும் நிலத்தில் ஆறடி வார் போதுமானதாக இருக்கிறது. நீச்சல்குளமும் சலவை இயந்திரமும் உள்ள ஓர் ஏக்கர் பார்க்குக்குப் பட்டியல் தேவைப்படுகிறது.

விடுமுறைப் பயணிக்கு இதெல்லாம் ஓர் எரிச்சல் மட்டுமே. அடுத்த பார்க்குக்குப் போய்விடுவார். ஆனால் ஆர்.வி.யையே வீடாகக் கொண்டு வருடம் முழுவதும் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓய்வூதியம் வாடகைக்குப் போதாதவர்கள், துணையை இழந்தவர்கள், பருவ வேலை தேடி மாநிலம் மாநிலமாகச் செல்பவர்கள். 2017இல் வெளிவந்த ஜெசிக்கா ப்ரூடரின் 'நோமேட்லேண்ட்' நூல் இவர்களைப் பற்றியது. இப்படிப்பட்ட ஒருவரிடம் 'நாய்க்கு இடமில்லை' என்று சொல்வதற்கு, 'வீடு வேண்டுமா, நாய் வேண்டுமா' என்று பொருள். பலரும் நாயைத் தேர்ந்துகொண்டு மின் இணைப்பில்லாத பாலைநிலத்திலும் கடை வாகன நிறுத்தங்களிலும் தங்குவார்கள். வெளியே 70 பாரன்ஹீட் உள்ள இதமான நாளில்கூட, மூடிய காருக்குள் அரை மணியில் வெப்பம் 100ஐத் தாண்டிவிடும். அரிசோனாவின் கோடையில், குளிர்சாதனத்துக்கு மின்சாரம் இல்லாத வண்டியில் நாயின் கதியை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தமிழில் கலப்பில்லாத நாயை 'ஜாதி நாய்' என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்தச் சொல் வேறு எதையோ நினைவூட்டும் என்பது எனக்குத் தெரியும். ஒப்புமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுக்கமாட்டேன். மனிதர் பட்ட இழிவின் அருகில் ஒரு நாயின் சிரமத்தை வைப்பது அந்த மனிதர்களை அவமதிப்பது. ஆனால் பிழையான தர்க்கத்தின் அமைப்பை மட்டும் நாம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் அடையாளம் காண வேண்டும். பிறப்பைக் கேட்டுத் தகுதியை முடிவு செய்பவர் எப்போதும் சொல்லும் காரணம் ஒழுங்கு. அவருக்கு உண்மையில் மிச்சமாவது விசாரிக்கும் சிரமம்.

அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வது அப்படியொன்றும் கடினமல்ல. வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று கேளுங்கள். நாயின் உரிமையாளரிடம் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். அமெரிக்கன் கெனல் கிளப் 1989 முதல் நடத்திவரும் பத்து அம்ச நன்னடத்தைத் தேர்வு ஒன்று இருக்கிறது, கலப்பினங்களும் எழுதலாம். நீண்டநாள் தங்க வருகிறவர்களிடம் அதைக் கேளுங்கள். ஆறடி வாரை எல்லா நாய்களுக்கும் விதியாக்குங்கள், பூடிலுக்கும் சேர்த்து. முன்பு கடித்த வரலாறு உள்ள நாயை, அது எந்த இனமானாலும், திருப்பி அனுப்புங்கள். விதியை மீறும் உரிமையாளரை முதல் முறை எச்சரியுங்கள்; இரண்டாம் முறை பணத்தைத் திருப்பித் தராமல் வெளியேற்றுங்கள். அதற்கு மாலையில் ஒருமுறை எழுந்து பார்க்கைச் சுற்றி நடந்து வர வேண்டியிருக்கும். வாசலில் தொங்கும் பட்டியல் அந்த நடையை உரிமையாளருக்கு மிச்சப்படுத்துகிறது. அதன் விலையைக் கொடுப்பது, வார் இல்லாத நாயின் எதிரே நிற்கும் குழந்தையும், வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட கிழவரும்.