விப்பருக்கு மறுக்கப்பட்ட நாற்காலி

‘தகுதி’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வில்லியம் விப்பர் நினைவுக்கு வருகிறார். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் வாழ்ந்த கறுப்பின வழக்கறிஞர். உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைப்பிரிவில் இருந்தவர். 1868இல் அம்மாநிலத்துக்குப் புதிய அரசமைப்பு எழுதிய அவையில் உறுப்பினராக இருந்து, பெண்களுக்கும் வாக்குரிமை கேட்டார். ஆண்டைக் கவனியுங்கள். அவை ஏற்கவில்லை.

பிறகு சட்டமன்ற உறுப்பினர் ஆனார். அப்போது நீதிபதிகளைச் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கும். 1875 டிசம்பரில் அது விப்பரை சர்க்யூட் நீதிமன்ற நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. நியமன ஆணையில் கையெழுத்திட மறுத்தார் ஆளுநர் டேனியல் சேம்பர்லின். இவர் அடிமைகளை வைத்திருந்த பண்ணையார் அல்லர். யேலிலும் ஹார்வர்டிலும் படித்தவர், போரில் கறுப்பினக் குதிரைப்படையின் அதிகாரி, விப்பரின் அதே குடியரசுக் கட்சி. அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க நன்மக்களுக்குத்தான் ஜோதிராவ் பூலே 1873இல் தன் ‘குலாம்கிரி’யைக் காணிக்கையாக்கினார். சேம்பர்லினும் அந்த நன்மக்களில் ஒருவர்தான்! அவர்தான் விப்பருக்குத் தகுதியில்லை என்றார். நாகரிகமே ஆபத்தில் இருப்பதாக அலறினார். பழைய வரலாற்று நூல்கள் அவரைச் ‘சீர்திருத்த ஆளுநர்’ என்று கொண்டாடுவதை ஆய்வுக்காகப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

“அன்று விப்பரோடு சேர்த்துத் தடுக்கப்பட்ட ஃபிராங்ளின் மோசஸ் வெள்ளையர்தானே, இதில் நிறவெறி எங்கே?” என்று சிலர் கேட்பார்கள். மோசஸ் முன்னாள் ஆளுநர். அவரது ஊழல் ஊரறிந்தது. அவரோடு சேர்த்துக் கட்டிவிட்டால் விப்பரைத் தள்ளுவது எளிது. விப்பரைப் புனிதராக்குவது என் வேலையல்ல. சூதாடி என்ற பேச்சு அவர்மீது உண்டு. சூதாடினார் என்றே வைத்துக்கொள்வோம். ஊழல் மலிந்த காலம் என்று பழிக்கப்படும் 1868-72இல் மாநிலத் தலைமை வழக்கறிஞராக இருந்தவர் யார்? இதே சேம்பர்லின்! பின்னர் அவர் ஆளுநரானபோது நாகரிகத்துக்கு எந்த ஆபத்தும் வரவில்லையே?

வெள்ளை ஆதிக்க ஜனநாயகக் கட்சியினர் அவரை மெச்சினார்கள். அடுத்த ஆண்டே செஞ்சட்டைக் குண்டர்கள் துப்பாக்கியோடு தேர்தலைக் கைப்பற்ற வந்தார்கள். 1877இல் அவரையும் வெளியே தள்ளினார்கள்.

விப்பரை மக்கள் கைவிடவில்லை. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருந்த பியூஃபோர்ட் கவுண்டியின் உயில், வாரிசுரிமை வழக்குகளுக்கான நீதிபதியாக 1880களில் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சின்னப் பதவி என்று நினைக்காதீர்கள். போர்க்காலத்தில் வரிப்பாக்கிக்கு ஏலம் போன பண்ணை நிலங்களை விடுதலை பெற்ற மக்கள் வாங்கியிருந்த பகுதி அது. அப்பன் இறந்தால் அந்த நிலம் யாருக்கு என்று தீர்மானிக்கும் நாற்காலி அது. 1888 தேர்தலில் அவர் தோற்றதாக அறிவித்தார்கள். மோசடி என்று சொல்லி, பதவியை ஒப்படைக்க மறுத்தார் விப்பர். நீதிபதியாக இருந்தவரைச் சிறையில் அடைத்தார்கள்.

1895இல் கறுப்பினத்தவரின் வாக்கைப் பறிக்கவே இன்னொரு அரசமைப்பு அவை கூடியது. வாக்காளருக்கு அரசமைப்பைப் படிக்கவோ விளக்கவோ தெரிய வேண்டுமாம். ‘புரிந்திருக்கிறது’ என்று மதிப்பெண் போடுபவர் வெள்ளை அதிகாரி. அந்த அவையில் இருந்த கறுப்பினப் பிரதிநிதிகள் ஆறே பேர். அவர்களில் ஒருவர், 1868 அரசமைப்பை எழுதிய அவையில் அமர்ந்திருந்த அதே விப்பர்.