“மணல்வாரிதானே” என்று சொல்லாதீர்கள்

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு தம்பி எழுதியிருந்தார்: “மணல்வாரி ஊசியெல்லாம் வியாபாரம். இயற்கையாக வந்துபோனால்தான் எதிர்ப்புச் சக்தி.” என்னிடம் படித்தவர்தான். அதற்குப் பலர் கைதட்டியிருந்தார்கள்.

ஆறாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். முத்து முத்தான கையெழுத்து. அரையாண்டுக்குப் பிறகு எழுத்து கோணியது, பாடம் மறந்தது. உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு திடீரெனத் தூக்கிப்போடும். குறும்பு செய்கிறான் என்று பெஞ்சு மேல் ஏற்றினேன். விழுந்தான்.

மருத்துவர்கள் சொன்ன பெயர் எஸ்.எஸ்.பி.ஈ. சிறுவயதில் வந்துபோன தட்டம்மைக் கிருமி (மணல்வாரிதான்) மூளையில் தங்கி, பெரும்பாலும் 6 முதல் 10 ஆண்டுகள் கழித்துத் தலைதூக்கும் நோய். குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. எட்டாம் வகுப்புக்கு அவன் வரவில்லை.

தம்பி, நீங்கள் சொல்லும் “வந்துபோவது” இதுதான்.

தடிப்பு தோலில் தெரிந்தாலும் கிருமி நுழைவது மூச்சு வழியே. இருமியவர் போனபின்பும் 2 மணி நேரம்வரை அறைக்காற்றில் இருக்கும். நோய் கண்ட ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு அப்போதே மூளை வீங்கும். குழந்தைகளுக்குக் கதை எழுதிய ரோல்டு டாலின் மகள் ஒலிவியா 1962இல் 7 வயதில் அப்படித்தான் இறந்தாள். அன்று இங்கிலாந்தில் இதற்கு ஊசி கிடையாது. நமக்கு இருக்கிறதே!

அம்மனைக் கும்பிடுங்கள், வேப்பிலை செருகுங்கள், நானும் செருகியவன்தான். ஊசியையும் போடுங்கள். 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இதில் வியாபாரம் எங்கே? ஊசிக்குப் பின் காய்ச்சல் வரலாம், லேசாகத் தடிக்கலாம். மறைக்கவில்லை. ஆனால் எஸ்.எஸ்.பி.ஈ. ஊசியால் வருவதில்லை.

“என் பிள்ளை, என் இஷ்டம்” என்பீர்கள். உங்கள் பிள்ளை இருமும் காற்றைத்தான் ஊசி போடும் வயதே வராத பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும் சுவாசிக்கிறது.

2017இல் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோதும் வாட்ஸ்அப்பில் இதே வதந்திதான். எங்கள் பள்ளியில் பலர் அன்று பிள்ளைகளை அனுப்பவில்லை. அந்தப் பையனின் முகம் நினைவில் இருந்தும், வம்பு எதற்கென்று வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு. இனி மூடமாட்டேன்.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது ஊசி விடுபட்டிருந்தால் வருகிற புதன்கிழமையே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள்.