தேயிலை மலையில் உட்கார்ந்து பேசுகிறார்கள்



ஆபிரிக்காவில் உள்ள ருவாண்டாவும் நம்முடையதைப் போல மலையும் தேயிலையும் உள்ள நாடு. 1994 ஏப்ரலில் தொடங்கி ஏறக்குறைய 100 நாட்களுக்குள் அங்கே எட்டு இலட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். மிகப் பெரும்பாலோர் துட்சி இனத்தவர். கொன்றவர்களில் பலர் படையினர் அல்லர், பக்கத்து வீட்டுக்காரர்கள்.

பிறகு சிறையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அதே கிராமங்களுக்குத் திரும்பினார்கள். கச்சாச்சா என்ற ஊர் மன்றங்கள் 2012 வரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லின. தீர்ப்பு வந்தும் பயம் போகவில்லை. கணவனைப் பறிகொடுத்தவளும் கொன்றவனின் மனைவியும் ஒரே சந்தைக்குத்தானே போக வேண்டும்?

2005இல் வடக்கே பியும்பா என்ற இடத்தில், அங்கிலிக்கன் திருச்சபையின் ஆதரவோடு ஒரு வேலை ஆரம்பமானது. பத்துப் பதினைந்து பேர் வாரம் ஒருநாள், சுமார் மூன்று மணி நேரம், 15 வாரங்கள் கூடி உட்காருவார்கள். நடத்துபவர்கள் டாக்டர்கள் அல்லர், பயிற்சி பெற்ற ஊர்க்காரர் இருவர். எடுத்த எடுப்பில் கொலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. முதலில் பாதுகாப்பு, பிறகு நம்பிக்கை, ஒருவரை ஒருவர் கவனித்தல், மரியாதை. பழைய நினைவுகளுக்குக் கடைசியாகத்தான் வருகிறார்கள். இந்த ஒழுங்கில்தான் விஷயமே இருக்கிறது. நம் ஆட்களோ முதல் நாளே "என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்கள்.

1977, 1981, 1983 ஆண்டுகளில் நமது லயங்களும் எரிந்தன. பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய் அங்கே போரிலும் அகப்பட்டார்கள். மலையில் தங்கியவர்கள் வாய் திறக்கவில்லை. விடிந்தால் பிரட்டுக்குப் போக வேண்டுமே! ராத்திரியில் லொறிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காரும் பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது.

சம்பளமும் காணியும் கிடக்க, இது எதற்கு என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பக்கத்துக் கிராமத்துச் சிங்களத் தொழிலாளியைப் பயத்தோடு பார்க்கிறவர், அவரோடு ஒரே வேலைநிறுத்தத்தில் எப்படி நிற்பார்? விசாரணைக்கும் நஷ்டஈட்டுக்கும் பதிலாக இப்படி உட்கார்ந்து பேசச் சொன்னால், அதைச் சங்கம் எதிர்க்கும். இது அவற்றோடு சேர்ந்து நடக்க வேண்டிய வேலை.

முதலில் நமக்குள் தொடங்குவோம். கிராமத்தவரை அழைப்பது பிறகு. ஞாயிறு பின்னேரம் பிள்ளைக்காம்பரா சும்மாதான் கிடக்கிறது. தூக்கமே இல்லாதவர்களையும், சாகலாம் என்று சொல்கிறவர்களையும் ஆஸ்பத்திரிக்கே அனுப்ப வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுங்கள். பயிற்சிக்கு ஒரு பெண், ஒரு ஆண் என இரண்டு பெயர்களை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். தலைவர்மாரின் பெயர் வேண்டாம். கேட்டதை வெளியே சொல்லமாட்டார் என்று லயத்தில் பெயர் எடுத்தவர்களாகப் பாருங்கள்.