அரைச் சுவரில் நிற்கும் வாக்குறுதி

“வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார்” என்றனர் நம் முன்னோர். வீடு கட்டத் தொடங்கியவன் படும் பாட்டை அவர்கள் அறிவர். ஆயின், கட்டு என்று சொன்ன அரசாங்கமே பாதி வழியிற் கைவிடும் என்பதை அவர்கள் கனவிலும் கருதியிரார்!

2019 நவம்பரில் ஆட்சி மாறிற்று. அதற்கு முன் அளிக்கப்பட்ட வீடமைப்பு உதவி உறுதியை நம்பி, வடக்கிலும் கிழக்கிலும் பல குடும்பங்கள் தாம் வாழ்ந்த கொட்டில்களைப் பிரித்து அத்திவாரம் இட்டிருந்தன. முதற் தவணைப் பணம் வந்தது, எஞ்சியது நின்றது. சுவர் எழுந்தது, கூரை எழவில்லை. மாரிக்கு முன் கூரையிட வேண்டி நகையை அடகு வைத்தோர் உளர்; வட்டிக்குக் கடன்பட்டோர் உளர். 2022 நெருக்கடியிற் சீமெந்தின் விலை இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தபோது, முன்பு குறித்த தொகையும் போதாததாயிற்று. வீடற்றவராய் இருந்தோர், கடனும் சுமந்த வீடற்றவராயினர். இதற்குப் பெயர் உதவியா?

உதவித் திட்டம் எதுவும் இப்படித்தான் முடியும் என்பார் கூற்றை நாம் ஏற்கோம். 2010 ஜூனில் இந்தியா அறிவித்த 50,000 வீட்டுத் திட்டம் நம் கண்முன் நிற்கிறது. அதன் பெரும்பகுதி 2012 ஒக்டோபரிற் தொடங்கியது. புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா, வேலை முன்னேறிய படிகளுக்கேற்ப, வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கிலேயே இடப்பட்டது. மேசனை அவரே தெரிந்தார்; கல்லையும் மணலையும் அவரே வாங்கினார். அத்தொகை எல்லோர்க்கும் போதியதாயிருந்தது என்று நாம் கூறவில்லை. அங்கும் கடன்பட்டோர் இருந்தனர். ஆயினும், ஒரு படியை முடித்தால் அடுத்த தவணை வரும் என்ற நம்பிக்கை இருந்தது.

2016இலோ, வீடொன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாவாக 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் வந்தது. நம் வெப்பத்துக்கு ஒவ்வாதது, ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை தராதது என்று மக்கள் பிரதிநிதிகள் எதிர்த்தனர், அது நிறைவேறவில்லை. ஓர் உருக்கு வீட்டின் பணத்தில் இரண்டு கல்வீடுகள் எழுந்திருக்கும்!

திறைசேரி வறிது என்பர். வறிதாயின் நூறு வீடுகளுக்கு அடிக்கல் நாட்டுவானேன்? நாற்பதைத் தொடங்கி நாற்பதையும் முடிப்பதன்றோ நேர்மை? அடிக்கல் விழாவுக்குப் படம் பிடிப்போர் வருவர். கடைசித் தவணைக்கு எவரும் மாலை சூட்டார். நோயின் வேர் இங்கேதான் உளது.

நாம் கேட்பவை மூன்று. முற்றுப்பெறாத வீடுகளை, இன்றைய விலையைக் கணித்து, முதலில் முடித்துக் கொடுக்க வேண்டும். இனித் தொடங்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் முழுத் தொகையையும் முன்னரே ஒதுக்கி, அமைச்சர் மாறினும் அது மாறாதபடி செய்ய வேண்டும். இடப்பெயர்வில் உறுதியை இழந்தவர்க்கும் காணியே இல்லாதவர்க்கும் முதலிற் காணி உரிமை வழங்க வேண்டும். காணியற்றவர்க்கு வீட்டு உதவி எட்டாக் கனி.

நம் கற்றோர்க்கும் இதிற் கடமை உண்டு. சட்டத்தரணிகள் உறுதி இழந்தவர்க்கு வழிகாட்டலாம். பொறியியலாளர் செலவைக் கணித்துக் கொடுக்கலாம். கணக்காளர் தம் பிரதேச செயலகத்தில் எத்தனை தவணை நிலுவை என்று கேட்டறியலாம்.

ஆட்சிகள் மாறலாம். அரசு கொடுத்த வாக்கு மாறலாகாது. அரைச் சுவரோடு நிற்கும் ஒவ்வொரு வீடும் அரசு தீர்க்க வேண்டிய கடன். அது பிச்சை அன்று.