எண் வேறு, எண்ணின் எழுத்து வேறு

சில வாரங்களுக்கு முன் எங்கள் பள்ளி அறிவியல் கூடத்தில் படிவம் 4 மாணவர் ஒருவர் ஆர்டுயினோ பலகையோடு போராடிக்கொண்டிருந்தார். தண்ணீர் சூடேற எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, நேரத்தையும் வெப்பநிலையையும் சிறு திரையில் காட்டும் கருவி அது. முதல் அரை நிமிடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. 30000, 31000, 32000 என்று மில்லிவினாடிகள் ஏறின. அடுத்த வினாடி திரையில் −32536 என்று வந்தது. வெப்பநிலை வரவேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறி மட்டும் நின்றது.

"டீச்சர், போர்டு கெட்டுப்போச்சு. வேற வாங்கணும்" என்றார்.

பலகை கெடவில்லை. அவர் எழுதச் சொன்னதைத்தான் அது எழுதியது. எண்ணை எழுத்தாக்குவதும் எழுத்தை எண்ணாக்குவதும் எப்படி நடக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நிரல் எழுதும் மாணவர் ஒவ்வொருவரும் இந்த மாற்றத்தை ஒரு முறையாவது தம் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

365 என்று நீங்கள் விசைப்பலகையில் தட்டும்போது கணினிக்குப் போவது முந்நூற்று அறுபத்தைந்து அல்ல. மூன்று தனித்தனி எழுத்துகள்தான் போகின்றன. பூக்களைத் தொடுத்தால் சரம் ஆவதுபோல, எழுத்துகளைத் தொடுத்த இதற்கும் சரம் என்றே பெயர். ஆஸ்கி அட்டவணையில் '0' என்ற எழுத்தின் குறியெண் 48. அதனால் '3' என்பது 51, '6' என்பது 54, '5' என்பது 53. இந்த மூன்றையும் கூட்டினாலோ அடுக்கினாலோ 365 வராது.

கணினி செய்வது இதுதான். ஒவ்வொரு குறியெண்ணிலும் 48ஐக் கழிக்கிறது. முதலில் 3 கிடைக்கிறது. அதைப் பத்தால் பெருக்கி 6ஐக் கூட்டினால் 36. அதை மறுபடி பத்தால் பெருக்கி 5ஐக் கூட்டினால் 365. இப்போதுதான் அது எண். இனி அதைக் கூட்டலாம், கழிக்கலாம்.

திரையில் காட்டும்போது பயணம் திரும்புகிறது. 365ஐப் பத்தால் வகுத்தால் மீதி 5. ஈவு 36ஐ வகுத்தால் மீதி 6. பிறகு 3. மீதிகள் தலைகீழாக வருகின்றன. ஒவ்வொன்றோடும் 48ஐக் கூட்டி, வரிசையைத் திருப்பி எழுத வேண்டும்.

இது உங்களுக்குப் பழக்கமான கணக்குதான். படிவம் 4 கணிதத்தில் 'அசாஸ் நொம்போர்' பாடத்தில், வகுத்துக்கொண்டே போய் மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுதுகிறீர்களே, அதே வழிமுறை. தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்த நான்கு வரிதான், எண்ணைத் திரையில் காட்டும் ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஏதாவது ஒரு வடிவில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைச் சொன்னதும் என் மாணவர் "அப்படியா டீச்சர்?" என்று கண்ணை விரித்தார். இரண்டு பாடங்களுக்கு நடுவே நாம் கட்டிவைத்த சுவர்தான் அவர் அதைப் பார்க்கவிடாமல் மறைத்திருக்கிறது.

இனி அந்த −32536க்கு வருவோம். ஆர்டுயினோ ஊனோ பலகையில் 'இன்ட்' வகை மாறிக்கு 16 பிட் இடம்தான். அதில் −32768 முதல் 32767 வரை மட்டுமே அடங்கும். நேரம் 33000 மில்லிவினாடி ஆனபோது அந்த எண்ணுக்கு இடம் போதவில்லை. பழைய காரின் கிலோமீட்டர் கருவி 99999ஐத் தாண்டி மறுபடி சுழியத்துக்குப் போவதுபோல, இதுவும் ஒரு சுற்று சுற்றிவிட்டது. 33000 கழித்தல் 65536 என்று போட்டுப் பாருங்கள், அதே எண் வரும். 32 பிட் கொண்ட மாறியில் வைத்திருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காது.

கேள்விக்குறிக்குக் காரணம் வேறு. அந்தப் பலகையில் நிரலை வைக்கும் நினைவகம் 32 கிலோபைட் மட்டுமே. தசமப் புள்ளி உள்ள எண்ணை எழுத்தாக்கும் நிரல்பகுதி பெரியது. ஆகவே இடத்தை மிச்சப்படுத்த, 'ஸ்பிரின்ட்எஃப்' கட்டளையிலிருந்து அதை விட்டுவிட்டார்கள். 28.5ஐ எழுதச் சொன்னால், தெரியாது என்பதற்கு அடையாளமாக அது ஒரு கேள்விக்குறி போடுகிறது.

மூன்றாவதாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழையும் இருந்தது. எழுத்துகளை வைக்க மாணவர் 6 பைட் ஒதுக்கியிருந்தார். 32000க்கு ஐந்து எழுத்து, சரம் முடிந்தது என்று காட்ட இறுதியில் ஒரு சுழிய பைட். கணக்குச் சரி. ஆனால் −32536க்குக் கழித்தல் குறியோடு சேர்த்து 7 பைட் வேண்டும். அந்த ஏழாவது பைட், கேட்காமல் கொள்ளாமல் பக்கத்து வீட்டில் போய் விழும். அங்கே இருப்பது எதுவானாலும் அழியும். ஒதுக்கிய இடத்தின் அளவையும் கேட்டு, அதற்குள் மட்டும் எழுதும் 'எஸ்என்பிரின்ட்எஃப்' கட்டளை இருப்பது இதற்காகத்தான்.

பள்ளிக் கருவியில் இது சிரித்துவிட்டுப் போகும் செய்தி. 1996 ஜூன் 4ஆம் நாள் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்தில் யாரும் சிரிக்கவில்லை. அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. ஏறத்தாழ 37 வினாடியில், கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்ற அதன் மென்பொருள் முயன்றது. எண் 32767ஐவிடப் பெரிது. மாற்றம் தோற்றது. மாற்று ஏற்பாடாக இருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள் என்பதால் அதுவும் அதே காரணத்தால் நின்றது. அதன் பிறகு நடந்ததுதான் நாம் படிக்கவேண்டிய பாடம். நின்றுபோன கருவி அனுப்பிய பிழைச் செய்தியை, முதன்மைக் கணினி பறத்தல் தகவல் என்று எண்ணிப் படித்தது. அதை நம்பி ராக்கெட் திசையைத் திருப்பியது, உடைந்து வெடித்தது. 'கிளஸ்டர்' என்ற நான்கு ஆய்வுத் துணைக்கோள்களும் அதோடு போயின. அந்த மென்பொருள் ஏரியன் 4இல் பிழையின்றி ஓடியதுதான். புதிய ராக்கெட்டின் வேகத்துக்கு அந்த இடம் போதுமா என்று யாரும் பார்க்கவில்லை.

என் மாணவரின் கருவியும் ஏரியன் 5உம் இடறிய எல்லை ஒன்றே: 32767.

இனி என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு போட்டிக்கு மாணவர்களைப் பதிவு செய்ய, அவர்களின் அடையாள அட்டை எண்களை எக்செல் அட்டவணையில் தட்டினேன். 2009 மார்ச் 5இல் பிறந்தவரின் எண் 090305 என்று தொடங்கும். எக்செல் அதை எண் என்று நினைத்து முன்னால் இருந்த சுழியத்தை எடுத்துவிட்டது. 12 இலக்கம் 11 ஆனது. 2010இல் பிறந்தவர்களுக்கோ சுழியம் போகவில்லை; 1.00 என்று தொடங்கும் ஏதோ ஓர் அறிவியல் குறியீடாகத் திரையில் மாறியது. அது கண்ணில் பட்டதால் திருத்தினேன். சுழியம் போனது கண்ணில் படவில்லை. போட்டி நாளன்று ஒரு மாணவரின் பெயர் பட்டியலில் கிடைக்கவில்லை. காலைச் சுற்று முழுவதும் அவர் மண்டபத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். கருவியின் மேல் பழிபோட எனக்கு வாய் வரவில்லை.

அடையாள அட்டை எண் என்று சொன்னாலும் அது எண் அல்ல, சரம். அதை யாரும் கூட்டுவதில்லை, பாதியாக்குவதில்லை. அதில் வரும் 01, ஒன்று என்ற அளவைச் சொல்லவில்லை. ஜொகூரில் பிறந்தவர் என்று சொல்கிறது. நம் ஊர்த் தொலைபேசியின் 07உம் அப்படித்தான். சி மொழியில் இது இன்னும் வேடிக்கை. முன்னால் சுழியம் போட்டு 012 என்று எழுதினால் அது எட்டின் அடிமான எண் என்று பொருள், மதிப்பு 10. சபாவின் 088ஐ அப்படியே எழுதினால், எட்டின் அடிமானத்தில் 8 என்ற இலக்கமே இல்லை என்று மொழி மறுத்துவிடும்.

தமிழருக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. நம் முன்னோர் முந்நூற்று அறுபத்தைந்தை ௩௱௬௰௫ என்று எழுதினார்கள். மூன்று, நூறு, ஆறு, பத்து, ஐந்து. எதை எதனால் பெருக்க வேண்டும் என்பது எழுத்திலேயே தெரியும்; சுழியம் தேவைப்படவில்லை. இட மதிப்பு முறையில் அதே எண் ௩௬௫. எண் ஒன்று, எழுத்து இரண்டு. தமிழ் சுழியமான ௦, 2005இல்தான் யூனிகோடில் இடம்பெற்றது. அதன் குறியெண் 3046. அதனால் தமிழ் இலக்கங்களை எண்ணாக மாற்ற 48க்குப் பதில் 3046ஐக் கழித்தால் போதும், மற்ற வழிமுறை அப்படியே பொருந்தும். பைத்தான் மொழியில் ௩௬௫ என்ற சரத்தை எண்ணாக்கச் சொல்லுங்கள், தயங்காமல் 365 தரும். ௩௱௬௰௫ஐக் கொடுத்தால் பிழை என்று சொல்லும். அதை மாற்றும் நிரலை நாம்தான் எழுத வேண்டும். எழுதிப் பாருங்களேன்!

"மாவரைக்க கிரைண்டர் இருக்கும்போது ஆட்டுக்கல் எதற்கு?" என்று சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். ஆயத்தக் கட்டளைகள் இருக்கின்றன. இப்போது செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதித் தருகிறது. பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்பது அவர் வாதம். நேரமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயத்தக் கட்டளையைப் பயன்படுத்தாதீர்கள் என்றும் நான் சொல்லவில்லை. நானும் அன்றாடம் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் கிரைண்டரில் அரைத்தாலும், மாவைத் தொட்டுப் பார்த்துப் பதம் சொல்ல ஒருவர் வேண்டும். அந்தப் பதம் ஒரு முறையாவது கையால் அரைத்தவருக்குத்தான் தெரியும்.

2006இல் நம் நாட்டிலேயே, காலமான தந்தையின் தொலைபேசி இணைப்பைத் துண்டித்த ஒருவருக்கு 806,400,000,000,000.01 ரிங்கிட் கட்டச் சொல்லி பில் வந்தது. உலக நாளிதழ்கள் எல்லாம் அதை எழுதின. இயந்திரம் அந்த எண்ணை எழுத்துப் பிசகாமல், காற்புள்ளி தவறாமல், கடைசி ஒரு சென் வரை அச்சிட்டிருந்தது. எழுத்து அழகாக இருந்தால் எண்ணும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஆகவே மாணவர்களே, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை பிற்பகல் போதும். எந்த மொழியிலாவது, ஆயத்தக் கட்டளையைத் தொடாமல், ஒரு சரத்தை எண்ணாகவும் அந்த எண்ணை மறுபடி சரமாகவும் மாற்றும் நிரலை எழுதுங்கள். பிறகு அதற்கு 0ஐக் கொடுங்கள். −5ஐக் கொடுங்கள். வெற்றுச் சரத்தைக் கொடுங்கள். '12அ' என்று கொடுங்கள். மிகப் பெரிய எண்ணைக் கொடுங்கள். எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்று குறித்துவையுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடிமான எண் பாடம் நடத்தும் வாரத்தில், கணித ஆசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே ஒரு பாடவேளையைச் சேர்ந்து எடுங்கள்.

என் மாணவர் அன்று மாறியின் வகையை மாற்றினார். பைட்டுகளைக் கூட்டி ஒதுக்கினார். வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி 285 என்ற முழு எண்ணாக வைத்து, எழுதும்போது நடுவில் புள்ளியைத் தானே போட்டார். திரையில் 28.5 வந்தது. புது போர்டு வாங்கும் செலவு மிச்சம்.