மாங்கனியும் மூத்த பதிகமும்

ஆனிப் பௌர்ணமியன்று பவழக்கால் சப்பரத்தில் பிச்சாண்டவர் வீதியுலா வருங்கால், மாடிகளிலிருந்து பக்தர்கள் இறைக்கும் மாங்கனிகளை, மகப்பேறு வேண்டுவோரும் வேறு பிரார்த்தனை உடையோருமாகத் திரண்டு நிற்கும் ஜனங்கள் முந்தானை விரித்தும் கை நீட்டியும் ஏந்திக்கொள்ளும் உற்சவம் காரைக்காலுக்கே உரிய பெருமை என்பதில் எவருக்கும் ஆட்சேபம் இராது. ஆயினும், அவ்விழாவின் நாயகியான, காரைக்கால் அம்மையார் எனப்படும் புனிதவதியாரை, கணவனுக்குக் கனி படைத்த வணிகர்குலப் பெண்ணாக ஸ்மரிக்கும் நாம், தாமே இயற்றித் தாமே பண்ணோடு பாடிய கலைஞராக நினைப்பது அரிதாகிவிட்டது என்பதே என் வருத்தம்.

அம்மையார் அருளியவை அற்புதத் திருவந்தாதி 101, திருவிரட்டை மணிமாலை 20, திருவாலங்காட்டுப் பதிகங்கள் இரண்டில் 22, ஆக 143 பாடல்கள். தொகை சிறிதே, ஆனால் அப்பரும் சம்பந்தரும் தலந்தோறும் சென்று பாடுவதற்கு முன்னரே, பத்துப் பாட்டும் பாடியவர் பெயர் கூறும் கடைக்காப்புமாகப் பதிகம் என்னும் அமைப்பைக் கையாண்டவர் அவர், மூத்த திருப்பதிகம் என்ற பெயர் அதனால் வந்தது. ஒன்றுக்குப் பண் நட்டபாடை, மற்றதற்கு இந்தளம். சம்பந்தரின் முதற்பதிகமும் நட்டபாடையே என்பதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

பாட்டின் சுவையைச் சற்றே பாருங்கள். சுடுகாட்டுப் பேயொன்று கள்ளிக் கிளைகளுக்கிடையே காலை நீட்டி அமர்ந்து, அணைந்த கொள்ளியை மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, வெடவெடவென்று சிரித்துத் துள்ளிக் குதிக்கையில் பிணத்தீ சுட்டுவிட, சினந்து புழுதியை அள்ளிக் கொட்டி அத்தீயை அணைக்கிறது! பயங்கரத்துக்கு நடுவே இத்தகைய ஹாஸ்யத்தை வைக்கும் துணிவு எத்தனை கவிகளுக்கு வாய்க்கும்? துத்தம், விளரி, இளி முதலிய சுரப் பெயர்களையும், தக்கை, கொக்கரை, மொந்தை, குடமுழா, வீணை முதலான வாத்தியங்களையும் அவர் அடுக்கிச் சொல்லும்போது, சங்கீதத்தைக் கேள்வியால் மட்டுமன்றிப் பயிற்சியாலும் அறிந்தவர் என்றே தோன்றுகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள சோழர் காலத் திருமேனியிலும் அவர் கையில் இருப்பது தாளமே, மாங்கனியன்று.

1973-ல் வெளிவந்த 'காரைக்கால் அம்மையார்' படத்துக்குப் பின் பலருக்கும் கே. பி. சுந்தராம்பாளின் கம்பீர சாரீரமே அம்மையாரின் குரலாகிவிட்டது. அதில் குறையில்லை, ஆனால் அப்படத்தில் ஜனங்கள் மனப்பாடம் செய்த பாட்டுக்கள் இக்காலக் கவிஞர்களுடையவை.

ஆகவே, ஆலய நிர்வாகிகளுக்கும் புதுவை அரசுக்கும் ஒரு விண்ணப்பம்: மாங்கனித் திருநாளில் சப்பரத்துக்கு முன்னே இரு பதிகங்களையும் ஓதுவார்கள் பண்ணோடு முழுமையாகப் பாடவும், ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அவற்றைக் கற்கவும் அடுத்த ஆனிக்குள் ஏற்பாடு செய்யுங்கள். பாட வேண்டியவை இருபத்திரண்டு பாட்டுக்களே.