ஆராய்ச்சிக்கும் ஒரு பலகை வேண்டும்

நம் ஊரில் ஒரு வாய்க்காலைத் தூர் வாரினாலும், ஒரு சந்துக்குச் சிமெண்ட் சாலை போட்டாலும், முனையில் ஒரு தகரப் பலகை நடுவார்கள். வேலையின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தக்காரர் பெயர், முடிக்க வேண்டிய தேதி எல்லாம் அதில் இருக்கும். எழுதியபடி வேலை நடந்ததா என்பது வேறு கதை. ஆனால் காலையில் நடக்கப் போகிறவர் நின்று படித்துவிட்டு, "இந்த ரோட்டுக்கா இத்தனை லட்சம்?" என்று வாய்விட்டுக் கேட்க முடிகிறது. நம் வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கு அப்படி ஒரு பலகை கிடையாது. இருக்க வேண்டும் என்பதைத்தான் இன்று எழுத நினைத்தேன்.

புதுச்சேரி சின்ன ஊர்தான். ஆனால் ஆராய்ச்சிக்கு இங்கே குறைவில்லை. ஜிப்மர் இருக்கிறது. கொசுவால் பரவும் நோய்களை ஆராய 1975இல் தொடங்கிய மத்திய அரசின் மையம் இந்திரா நகரில் இருக்கிறது. சுற்றிலும் மருத்துவக் கல்லூரிகள். யானைக்கால் நோய் இருக்கிறதா என்று பார்க்க இரவு நேரத்தில் விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்களே, என் வயதுக்காரர்களுக்கு அது மறந்திருக்காது. இதற்கெல்லாம் பணம் பெரும்பாலும் டெல்லியிலிருந்து வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அறிவியல் தொழில்நுட்பத் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை, ஆயுஷ் அமைச்சகம் என்று கொடுக்கும் கைகள் பல.

அந்தப் பணம் எப்படி நகர்கிறது என்பது எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பல வருஷம் மானியப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். முதலில் அனுமதி ஆணை வரும். அப்புறம் முதல் தவணை. அதைச் செலவு செய்ததற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை. நாங்கள் அதை யூ.சி. என்போம். எங்கள் காலத்தில் அது 19-ஏ படிவம். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளுக்குப் பிறகு 12-ஏ ஆகிவிட்டது. படிவத்தின் எண் மாறினாலும் சாரம் மாறவில்லை: எந்த நோக்கத்துக்காகத் தொகை வழங்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்கே செலவிடப்பட்டது என்று சான்றளிக்கிறேன். இந்த வாக்கியத்தை நூற்றுக்கணக்கான தடவை டைப் அடித்திருக்கிறேன். ஆடிட்டுக்கு அது போதும்.

ஆனால் பொதுமக்களுக்கு அது போதாது. காரணம், பணம் செலவாகிவிட்டது என்று யூ.சி. சொல்லும், செலவழித்து என்ன கண்டுபிடித்தார்கள் என்று சொல்லாது. சாலைக்குப் பணம் கொடுத்தால் சாலை கண் முன்னே கிடக்கிறது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தால் கிடைப்பது ஒரு விடை. அந்த விடை பீரோவுக்குள் போய்விட்டால், கணக்கு நேராக இருந்தும் பணம் வீண்தான்.

என் அக்காவின் விஷயத்தைச் சொல்கிறேன். மூட்டு வலிக்காக ஒரு மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தவரை, உடற்பயிற்சி சிகிச்சை பற்றிய ஓர் ஆய்வில் சேர்த்துக்கொண்டார்கள். அரசு மானியத்தில் நடந்த ஆய்வு. கையெழுத்து வாங்கினார்கள். வாரம் இரண்டு நாள் என எட்டு மாதம், பஸ் பிடித்துப் போய்வந்தார். ஒரு நாள் ஆய்வு முடிந்துவிட்டது என்றார்கள், அவ்வளவுதான். "தம்பி, நான் செஞ்சதுல யாருக்காவது பலன் தெரிஞ்சுதாமா? இல்ல, சும்மா போய் வந்தேனா?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பத்து ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதிப் போட்டேன். இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. கூடவே என்ன வந்தது தெரியுமா? யூ.சி.யின் நகல். தொகை முழுவதும் அந்த நோக்கத்துக்கே செலவிடப்பட்டதாம். முடிவு என்ன என்ற கேள்விக்கு, "அறிக்கை உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு வரி. உரிய இடம் எது? உடம்பைக் கொடுத்தவர் அந்த உரிய இடத்தில் சேர்த்தி இல்லையா?

உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆய்வில் பங்கேற்றவர்கள் அனைவருக்கும், அதன் பொதுவான முடிவைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்பது அதன் 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இருக்கிறது. நம் சட்டமும் மோசமில்லை. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, யாரும் கேட்காமலேயே அரசு அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டியவற்றைப் பட்டியல் போடுகிறது. நிறுவனங்களுக்குக் கொடுக்கும் மானியங்களையும் இணையத்தில் போட வேண்டும் என்று 2013 ஏப்ரலில் மத்தியப் பணியாளர் துறை வழிகாட்டுதல் அனுப்பியது. ஆணை இருக்கிறது. சில துறைகள் பட்டியலும் போடுகின்றன. ஆனால் பட்டியலில் திட்டத்தின் பெயரையும் தொகையையும் பார்க்கலாமே தவிர, முடிவைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் மிஸ்யே 1789ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தை எங்களை நெட்டுரு போட வைத்தார். அதில் 15ஆவது ஷரத்து, எந்த அரசு ஊழியரிடமும் அவருடைய நிர்வாகத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை சமூகத்துக்கு உண்டு என்கிறது. அங்கே வரும் 'கோன்த்' என்ற சொல் ரூபாய் அணா பைசாவை மட்டும் குறிப்பதல்ல. என்ன செய்தாய், ஏன் செய்தாய், என்ன ஆயிற்று என்ற விளக்கமும் அதற்குள் அடக்கம். தமிழிலும் அப்படித்தானே? "உன்னிடம் கணக்குக் கேட்பேன்" என்று அப்பா சொன்னால், கடைச் சீட்டை மட்டுமா கேட்கிறார்?

பிரான்சில் இன்று, 23,000 யூரோவுக்கு மேற்பட்ட அரசு மானியங்களின் முக்கிய விவரங்களைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனம் கொடுக்கும் ஆராய்ச்சி மானியங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். ஆய்வாளர் பெயர், நிறுவனம், தொகை, என்ன ஆராய்கிறார் என்ற சுருக்கம், வெளிவந்த கட்டுரைகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

விவரத்தை மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பாடம் இருக்கிறது. நாட்பட்ட களைப்பு நோய்க்கு மனநல ஆலோசனையும் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் பலன் தருமா என்று 641 நோயாளிகளை வைத்து 'பேஸ்' என்ற ஆய்வு நடந்தது. அரசு அமைப்புகள் கொடுத்த பணம் சுமார் 50 லட்சம் பவுண்டு. முதல் முடிவுகள் 2011இல் வந்தன. இந்த இரண்டு சிகிச்சைகளிலும் 22 சதவீதம் பேர் குணமானார்கள் என்று 2013இல் எழுதினார்கள். ஆனால் 'குணம்' என்பதற்கு முதலில் வைத்த அளவுகோலை நடுவில் தளர்த்திவிட்டார்கள். நோயாளிகள் மூல விவரங்களைக் கேட்டார்கள். ஒரு நோயாளி தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் மறுத்து, 2 லட்சம் பவுண்டுக்கு மேல் வக்கீல் செலவு செய்து வாதாடியது. 2016 ஆகஸ்டில் தீர்ப்பாயம் கொடுக்கச் சொல்லிவிட்டது. பழைய அளவுகோலின்படி மற்றவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, குணமானவர்கள் ஆலோசனையில் 7 சதவீதம், உடற்பயிற்சியில் 4 சதவீதம். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களிலேயே 3 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். ஆய்வாளர்கள் தங்கள் முறை சரியே என்றுதான் வாதாடினார்கள். ஆனால் 2021இல் அந்நாட்டு மருத்துவ வழிகாட்டுதல் அந்த உடற்பயிற்சி சிகிச்சையைக் கைவிட்டது. நடுவில் போன பத்து வருஷத்தில் எத்தனை பேர், முடியாத உடம்போடு பயிற்சி செய்திருப்பார்கள்!

திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நம் பக்கத்திலேயே உண்டு. 1956இல் சென்னையில் காசநோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சானடோரியத்திலும் இன்னொரு பிரிவுக்கு வீட்டிலேயும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து செய்த வேலை. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முழு விவரமும் எண்களோடு அச்சானது. யாரும் எடுத்துச் சரிபார்க்கலாம். அதற்குப் பிறகு உலகம் முழுக்கக் காசநோய்க்குச் சானடோரியம் தேடி ஓடுவது குறைந்தது. ஏழைகளின் ஊரில் கிடைத்த விடை, பணக்கார நாடுகளுக்கும் பயன்பட்டது.

இதற்குச் சில ஆட்சேபங்கள் வரும். நோயாளிகளின் ரகசியம் போய்விடும் என்பார்கள். மானியத் தொகையையும் முடிவையும் வெளியிட எந்த நோயாளியின் பெயரும் தேவையில்லை. யோசனையைத் திருடிவிடுவார்கள் என்பார்கள். அனுமதி கிடைத்த பிறகு தலைப்பும் நான்கு வரிச் சுருக்கமும் போட்டால் எதைத் திருட முடியும்? பலன் இல்லை என்று முடிந்த ஆய்வை வெளியிட்டால் மக்கள் தப்பாக நினைப்பார்கள் என்பார்கள். பலன் இல்லை என்பதும் ஒரு விடைதான். அது தெரியாமல் போனால் இன்னொரு ஊரில் இன்னொருவர் அதே கேள்விக்கு மறுபடி பணம் வாங்குவார். கடைசியாக, வேலைப்பளு. இதற்கு ஒரு குமாஸ்தாவாக நானே பதில் சொல்கிறேன். எல்லா விவரமும் ஏற்கெனவே ஃபைலில் இருக்கிறது. புதிதாக எழுத வேண்டியது முடிவைச் சொல்லும் ஒரு பத்தி மட்டும்.

ஆகவே என் யோசனை இதுதான். அரசுப் பணம் வாங்கும் ஒவ்வொரு மருத்துவ ஆய்வுக்கும் நான்கு தகவல்கள் பொதுவில் இருக்க வேண்டும்: யாருக்கு, எவ்வளவு, என்ன கேள்விக்கு, என்ன விடை. நான்காவது வராமல் கடைசித் தவணை போகக்கூடாது. யூ.சி. வராமல் தவணையை நிறுத்தத் தெரிந்த அரசுக்கு, முடிவு வராமல் நிறுத்துவது கஷ்டமா? ஆய்வு நடந்த மருத்துவமனையில் அந்த நான்கையும் தமிழில் ஒட்டினால் இன்னும் நல்லது.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். நமக்கு வயதாகிவிட்டது, எந்த மருத்துவமனையிலும் ஏதாவது ஓர் ஆய்வுக்கு நம்மிடம் கையெழுத்துக் கேட்பார்கள். தாராளமாகப் போடுங்கள், ஆராய்ச்சி இல்லாமல் மருத்துவம் இல்லை. ஆனால் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். பணம் யாருடையது? இந்தியாவில் மருத்துவப் பரிசோதனைகளைப் பதிவு செய்யும் சி.டி.ஆர்.ஐ.யில் இதன் பதிவு எண் என்ன? முடிவை எனக்கு எப்போது, எப்படிச் சொல்வீர்கள்? பதிலை அந்தத் தாளிலேயே எழுதி வாங்கி, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். பின்னால் மனு எழுத வேண்டி வந்தால், அந்த நகல் கையில் இருப்பது பெரிய பலம்.